அணை யாருக்காக அழுதது?

அத்தியாயம் 9

பதினெட்டு வருஷம் பஸ்ஸில் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்தே தேய்ந்த கால்கள் கண்டக்டருடையவை. ஆனாலும் நூற்று அறுபத்திரண்டு படி இறங்கி ஒரு அணையின் காலடிக்குப் போகிற யோகம் இந்த வழக்கில்தான் வாய்த்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வேறு. துப்பறிய வந்தவனுக்குத் துப்பாக்கி வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடியாவது கொடுக்கக் கூடாதா? சர்வேயரம்மா கொடுத்தது வாளி.

சர்வேயரம்மா என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடையையும் வெள்ளம் புகுந்த வீட்டையும் பார்த்து, தானாக எரிந்ததா, எரிய வைத்ததா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் தையல்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ரூட்டையே நிறுத்திவிட்டதால் வீட்டில் சும்மா இருந்த கண்டக்டர் உதவியாளராக ஏறிக்கொண்டார். அவரை இறங்கச் சொல்ல இதுவரை யாருக்கும் வாய் வரவில்லை.

வழக்கு இதுதான். மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி. அதைத் தாங்கிப் பிடித்திருக்கிற மண் அணைக்குத் தொண்ணூறு வயசு. ஏரிக்கரையில் அறுபது வீடு, மீன் வளர்க்கும் கூண்டுகள், பன்னிரண்டு படகு, ஆறு அறையுள்ள ஒரு விடுதி. படகும் விடுதியும் படகுக்கார அக்காவுக்குச் சொந்தம். மண் அணை என்றால் அடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவை ஒரு சின்ன வாய்க்காலில் திருப்பி, தினமும் காலையில் அளந்து பதிவேட்டில் எழுதுவார்கள். முப்பத்தோரு வருஷம் அப்படி எழுதியவர் அக்காவின் வீட்டுக்காரர். ஊரில் அவருக்குப் பெயரே அளவுக்காரர்தான். மூன்று வாரம் முன்னால் ஓய்வு பெற்றார். கடைசி நாள் அவர் எழுதிய கசிவு, நிமிஷத்துக்கு இருபத்து நாலு லிட்டர். மறுநாள் புதிதாக வந்த இன்ஜினியர் பெண் அளந்தாள். எண்பத்து நாலு.

ஒரே ராத்திரியில் மூன்றரை மடங்கு. முப்பத்தோரு வருஷம் பக்கத்திலேயே இருந்த மனுஷனைக் காணோமே என்று அணை அழுகிறது என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இன்ஜினியர் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரியைப் பாதியாக இறக்க வேண்டும், அணையைப் பிரித்து ரிப்பேர் பண்ண வேண்டும், இரண்டு வருஷம் ஆகும் என்று மேலே எழுதிப் போட்டாள். பாதி ஏரி என்றால் அறுபது வீட்டு வாசலிலும் சேறு. அக்கா விடுவாரா? தடை கேட்டு மனு போட்டார். கணவர் எழுதிய பதிவேடுகளைச் சாட்சியாக வைத்தார். அந்தப் பெண் ஏதோ தில்லுமுல்லு பண்ணுகிறாள், கையும் களவுமாகப் பிடித்துக் கொடுங்கள் என்று சர்வேயரம்மாவையும் கூட்டி வந்துவிட்டார். விசாரணை இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு. இப்போது மணி பன்னிரண்டு.

கண்டக்டர் வாளியை வாய்க்காலின் வாய்க்கு நேராகப் பிடித்தார். சர்வேயரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே செகண்டில் வாளி நிரம்பி கண்டக்டரின் ஷூவுக்குள் வழிந்தது. பதினாலு லிட்டர் வாளி. ஆறு தடவை அளந்தார்கள், ஆறு தடவையும் அதே பத்து செகண்டு. கணக்குப் போட்டால் அட்சரம் பிசகாமல் எண்பத்து நாலு.

தலையில் ஹெல்மெட்டோடு சுவரில் சாய்ந்து நின்ற இன்ஜினியர் பெண், இன்னும் அறுபது தடவை வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. மூன்று வாரமாக இந்த ஊரில் அவளுக்கு ஒரு கடைக்காரரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

அக்காவின் சந்தேகம், இவள் எங்கிருந்தோ குழாய் போட்டுத் தண்ணீரைக் கொண்டு வந்து வாய்க்காலில் கலக்கிறாள் என்பது. அதையும் பார்த்துவிட வேண்டும் அல்லவா? ஒரு மணி நேரம் புதர் புதராகத் தேடினார்கள். கண்டக்டர் முழங்கையெல்லாம் முள் கீறி, கடைசியில் கண்டெடுத்தது ஒரு செருப்பு. அதுவும் இடது கால் செருப்பு.

"ஒத்தைச் செருப்போட திரியற ஆளைத் தேடிப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றார்.

"அது உங்க கால்ல இருந்து விழலையே?" என்றார் சர்வேயரம்மா.

கண்டக்டர் முகம் கழுவ வாய்க்காலில் கைக்குட்டையை நனைத்தார். வெள்ளைக் கைக்குட்டை பழுப்பாக வந்தது. பிழிந்து பார்த்தால் மாவு போல மண். அதைப் பார்த்ததும் இன்ஜினியர் பெண் சுவரை விட்டு நிமிர்ந்தாள். சத்தமே போடாமல் சொன்னாள்.

"தெளிஞ்ச தண்ணி வந்தா அணைக்கு வேர்க்குதுன்னு விட்டுடலாம் சார். இப்படி மண்ணோட வந்தா அணை கொஞ்சம் கொஞ்சமா கரையுதுன்னு அர்த்தம். கீழே நானூறு வீடு இருக்கு. அடுத்த வாரம் மழை."

கண்டக்டர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய மண் மேடு, அதற்குப் பின்னால் அவ்வளவு தண்ணீர். படியேற மூச்சு வாங்கும் என்று இத்தனை நேரம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், நூற்று அறுபத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறினார். வாளியைக் கூட மறக்காமல் எடுத்து வந்தார், அது ஒன்றுதான் ஆச்சரியம்.

அணை அலுவலகத்தில் பதிவேட்டு அறை என்பது ஒரு ஜன்னல், ஒரு மேஜை, சுவர் முழுக்க அலமாரி. தொண்ணூறு வருஷமும் அங்கேதான் அடுக்கி இருந்தது. சர்வேயரம்மா எண்களைப் படிக்கவே இல்லை. ஒவ்வொரு பதிவேடாக எடுத்து, கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டுப் பார்த்து, திரும்ப வைத்தார். கல்யாண வீட்டில் புடவைக் கரை பார்ப்பது மாதிரி ஒரு நிதானம். கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. மணி இரண்டே கால் ஆகிவிட்டது, படிக்காமலே பாஸ் பண்ணப் போகிறீர்களா என்று கேட்டார்.

சர்வேயரம்மா நான்கு பதிவேடுகளை மேஜையில் வரிசையாக நிற்க வைத்தார். "இதுல எது உங்களுக்கு வித்தியாசமாத் தெரியுது?"

இரண்டு பழையவை. மற்ற இரண்டும் கடைசி இரண்டு வருஷத்தவை. பழைய இரண்டும் உப்பிப் போய், அட்டை வாய் பிளந்து, பக்கமெல்லாம் அலை அலையாக இருந்தன. புதியவை இரண்டும் கடையில் வாங்கி வந்த அன்று இருந்தது போலச் சப்பென்று நின்றன.

"பழசுக்கு நீர் கோத்துக்கிச்சு" என்றார் கண்டக்டர்.

"எப்படிக் கோத்துக்கும்? அந்த வாய்க்கால் பக்கத்துல நின்னு தினமும் திறந்து எழுதினா கோத்துக்கும். நாம அரை மணி நேரம் நின்னதுக்கே என் நோட்டு நமத்துப் போச்சு." அவர் புதிய பதிவேட்டைத் தட்டினார். "இது ரெண்டு வருஷமாத் தண்ணிப் பக்கமே போகாத புஸ்தகம்."

அதோடு விட்டாரா? புதிய பதிவேட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டர் முகர்ந்து பார்த்ததில், புதுக் கட்டில் வாங்கின வீட்டில் வருமே, அந்த வார்னிஷ் வாசனை. சரி, அது என்ன என்று யோசித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். எண்களில் கண் போயிற்று. பதினெட்டு வருஷம் டிக்கெட் கிழித்த கண் அது, எண்ணைப் பார்த்தால் சும்மா இருக்காது.

பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினைந்து. பதினைந்து நாலு நாள். பிறகு பதினெட்டு. இருபத்தொன்று ஒரு வாரம். இருபத்து நாலு. இரண்டு வருஷமும் இதே கதைதான். ஏறினால் மூன்று, இறங்கினால் மூன்று. நடுவில் பதிமூன்றும் இல்லை, இருபதும் இல்லை. பழைய பதிவேட்டைத் திறந்தார். அதில் இருபத்திரண்டரை, இருபத்து மூன்று, இருபத்தைந்தேகால் என்று எண்கள் இஷ்டத்துக்கு அலைந்தன.

"மேடம், இது தண்ணியே இல்ல. டிக்கெட்டு."

சர்வேயரம்மா நிமிர்ந்தார்.

"பஸ்ஸு அடி அடியா நகர்ந்தாலும் கட்டணம் அடி அடியா ஏறாது மேடம். ஸ்டேஜ் வந்தாத்தான் ஏறும். நடுவுல எங்க ஏறினாலும் அதே டிக்கெட். இது பாருங்க, ஸ்டேஜுக்கு மூணு லிட்டர். இதை எழுதின ஆளு தண்ணியை அளக்கல. ஏதோ ஒரு ஸ்டேஜை எண்ணிருக்கார்."

சர்வேயரம்மா பதிவேட்டை வாங்கி மூடினார். பிறகு, உங்களை இறக்கிவிடாதது நல்லதாகப் போயிற்று என்றார். கண்டக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் என்ன ஸ்டேஜ், யார் எண்ணினார்கள் என்று கேட்டதற்கு, ஒரு படகு சவாரி போய்விட்டு வரலாம் என்று மட்டும் பதில் வந்தது.

படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசு, பேச ஆரம்பித்தால் எதிராளி மூச்சு விட இடம் கிடைக்காது. விசாரணைக்கு ஊரையே திரட்டி அனுப்பியாகிவிட்டது, மீன்கூண்டுக்காரர்கள் முதல் வரிசையில் உட்காருவார்கள், அந்தப் பெண் வாயைத் திறக்க முடியாது, குழாய் கிடைத்ததா என்று ஒரே மூச்சில் கேட்டு முடித்தார். செருப்பு கிடைத்தது என்றார் கண்டக்டர்.

அக்கா அவர்களைத் துறையின் கடைசியில் இருந்த கொட்டகைக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஒரு படகு புது வார்னிஷோடு கவிழ்ந்து கிடந்தது. அளவுக்காரர் அதன் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து துடுப்புக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், பார்த்தாலே தெரிந்தது. விருந்தாளி வந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டரின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. பதிவேட்டு அறையில் முகர்ந்த அதே வாசனை. திறந்த வாசலில் திரும்பி நின்று வெளியே பார்த்தார். நேர் எதிரே படித்துறை. ஏரிக்குள் இறங்கிப் போகிற கல் படிகள். பதினொரு படி காய்ந்து கிடந்தது, மீதி தண்ணீருக்குள். மொத்தம் எத்தனை படி என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். இருபது, என் மாமனார் கட்டினது என்றார் அக்கா. அப்படியானால் முழுகியிருப்பது ஒன்பது. கண்டக்டருக்குக் கணக்கு வந்துவிட்டது, சொல்ல வாயெடுத்தார். சர்வேயரம்மா அவரைப் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார்.

பிறகு அளவுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். முப்பத்தோரு வருஷம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லையாமே என்றார். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். சர்வேயரம்மா போகிற போக்கில் கேட்டார்.

"இன்னைக்கும் நீங்களே எழுதறதா இருந்தா, கசிவு என்னன்னு எழுதியிருப்பீங்க?"

அளவுக்காரர் தலையைத் தூக்கினார். சர்வேயரம்மாவின் தோளுக்கு மேலாக, திறந்த வாசல் வழியாக, ஒரு கண் சிமிட்டும் நேரம் வெளியே பார்த்தார்.

"இருபத்தேழு" என்றார்.

ஒன்பது படி. படிக்கு மூணு லிட்டர்.

பிரஷ்ஷில் இருந்து வார்னிஷ் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் வாயைத் திறந்தது துப்பறிகிறவர்கள் இல்லை.

"ஏங்க" என்றார் அக்கா. "அணை அந்தப் பக்கம்ல இருக்கு. நீங்க ஏன் படித்துறையைப் பாத்தீங்க?"

அதற்கு மேல் மறைக்க அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லிப் பழகியவராக இருந்தால்தானே தெரியும். இரண்டு வருஷம் முன்னால் முட்டி போய்விட்டது. இறங்கிவிடலாம், ஏற முடியாது. சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஏரி ஒரு படி ஏறினால் கசிவு மூன்று லிட்டர் கூடும் என்று முப்பது வருஷ அனுபவத்தில் அவருக்குத் தெரியும். ஒரு மழை நாளில் படியைப் பார்த்து எழுதினார். மறுநாள் கஷ்டப்பட்டு இறங்கிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு நாள் எழுதினார், அதுவும் சரி. ஆறு மாசம் அப்படி அவ்வப்போது சரிபார்த்தார். அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

"தொண்ணூறு வருஷமா மாறாதது என் காலத்துலயா மாறப் போகுதுன்னு நெனச்சேன்" என்றார். "அது எப்ப மாறிச்சுன்னே எனக்குத் தெரியாது."

அக்காவுக்கு அணை அப்போது இரண்டாம் பட்சம்.

"தினமும் ஆறு மணிக்கு ஃபிளாஸ்க்ல டீ போட்டு அனுப்பினேனே. அதை எங்க உக்காந்து குடிச்சீங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

"இந்த முக்காலியில."

வீட்டிலிருந்து நூறு அடி. இரண்டு வருஷமாக, அணைக்காற்று உடம்புக்கு ஆகாது என்று கழுத்தில் மஃப்ளர் வேறு சுற்றி அனுப்பியிருக்கிறார் மகராசி. கண்டக்டருக்குச் சிரிப்பு முட்டியது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட மாதிரிதான் ஆயிற்று. திருடனைப் பிடிக்க ஆள் கூட்டி வந்தவர் அவர்தான், திருடன் அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்.

அப்புறம்தான் மற்றது உறைத்திருக்க வேண்டும். அக்கா அந்தக் கவிழ்ந்த படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வார்னிஷ் காயவில்லை, புடவை ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல அளவுக்காரர் வாயெடுத்தார், சொல்லவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணு சொல்றது?"

"நெஜம்" என்றார் சர்வேயரம்மா. "ஒரே ராத்திரியில கூடல. எத்தனை நாளாவோ கூடிக்கிட்டே இருந்திருக்கு. யாரும் பாக்கல, அவ்வளவுதான். தண்ணியோட மண்ணும் வருது."

இந்தப் பதிவேட்டைக் காட்டினால் தடை கிடைத்துவிடும் என்பதையும் சர்வேயரம்மா ஒளிக்காமல் சொன்னார். இரண்டு வருஷப் பதிவேட்டுக்கு முன்னால் மூன்று வாரத்து அளவு நிற்காது. ஏரி நிறைந்தபடியே இருக்கும், அடுத்த வாரம் மழையும் வரும்.

"நாலு மணிக்கு நீங்களே சொன்னா உங்க வாயால சொன்னதா இருக்கும். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். உங்க கட்சிக்காகத்தான் வந்தேன், அதுக்காக இதை மென்னு முழுங்க முடியாது."

அக்கா எழுந்து வாசலில் போய் நின்றார். பன்னிரண்டு படகும் கட்டின கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையில் கண் விழித்தால் அந்தத் தண்ணீர்தான். என் ஏரி போயிடுமே என்று அழுதார். வாய் விட்டே அழுதார். அளவுக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து பின்னால் நின்றார், தொடத் தைரியம் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அக்காவின் குரல் பழையபடி ஆகிவிட்டது. "வண்டி எடுங்க. இவரும் வரணும். எழுதின கைதான் சொல்லணும், நான் ஏன் சொல்றேன்?"

மண்டபத்தில் இருநூறு பேர். அக்காவைப் பார்த்ததும் கைதட்டினார்கள். இன்ஜினியர் பெண் ஒரு மூலையில் தனியாக, மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி மனுவைப் படிக்கச் சொன்னார். அக்கா மனுவைப் பிரிக்கவே இல்லை. கணவரின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டு, சொல்லுங்க என்றார்.

அளவுக்காரர் சொன்னார். முட்டியில் ஆரம்பித்து முக்காலி வரைக்கும், ஒன்று விடாமல். மண்டபத்தில் யாரோ ஒருவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் அதட்டினார். பிறகு முதல் வரிசையில் இருந்த மீன்கூண்டுக்காரர் எழுந்தார். கோபமாகப் பேச வந்தவர்தான், குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு வருஷம் சேத்துல நாங்க என்ன பண்றது அக்கா?"

"எனக்கும் தெரியல" என்றார் அக்கா. "ஏரி இறங்கினா எல்லாரும் சேத்துல நிப்போம், நானும் நிப்பேன். அணை போச்சுன்னா நிக்கறதுக்குக் கீழே ஆளே இருக்காது. தண்ணியை இறக்கச் சொல்லுங்க சார், மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். இன்ஜினியர் பெண் எழுந்து அக்காவிடம் வந்தாள். அளவுக்காரர் தலை குனிந்தபடி, அந்தப் பழைய அளவெல்லாம் எந்த வருஷம் வரைக்கும் நம்பலாம் என்று நானே குறித்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னார். அவள் சரி என்றாள். ஊர் மெல்ல வெளியே வந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, மண்டபத்து வாசலிலேயே கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஏரியை இப்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போல எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. யாரோ வெளியூர்க்காரர்கள். அடுத்த மாசம் குடும்பத்தோடு வருகிறார்களாம், ஏரி தெரிகிற அறையாக ஒன்று வேண்டுமாம். அந்தக் கேள்வி பக்கத்தில் நின்ற கண்டக்டருக்கே கேட்டது. சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"வாங்க" என்றார். "ஜன்னல்ல இருந்து ஏரி தெரியாது, கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பாக்கணும். பாதிதான் இருக்கும், வாடகையும் பாதி வாங்கிக்கறேன். மழை பேஞ்சாலும் பிள்ளைங்க பயமில்லாமத் தூங்கும். அதுக்கு நான் பொறுப்பு."